மைத்துனர் பிடித்த கயிறு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான். "சார், ஏஜென்சி மூலமா வேலைக்குப் போறவங்களுக்கு ஒப்பந்தம் எழுதும்போது எதை முக்கியமாப் பார்க்கணும்?" ஒரே வரியில் பதில் வரும் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். என்னால் ஒரு வரியில் சொல்ல முடியாது. நடந்ததைத்தான் சொல்ல முடியும். நேரமில்லாதவர்கள் எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் காட்டிக்கொள்ள மாட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்கு நாகரிகமான பெயர் எதுவும் கிடையாது. 'ஆள் சப்ளை' என்றுதான் சொல்வார்கள். திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். அரிசி ஆலைக்கு ஃபிட்டர், பங்களாவுக்கு வாட்ச்மேன், கல்யாணத்துக்குச் சமையல்காரர் என்று யார் எந்த ஆளைக் கேட்டாலும் அனுப்புவோம். முதலாளி ஸ்ரீரங்கத்துக்காரர், ஐயங்கார். தினமும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். நெற்றியில் திருமண் சற்றும் கலையாமல் மாலை வரை இருக்கும். நல்ல மனிதர். அவருக்கு ஒரே ஒரு கர்வம், அவர் அச்சடித்து வைத்திருந்த ஒப்பந்தப் படிவம். சமையல்காரருக்கும் அதே படிவம், பெயின்டருக்கும் அதே படிவம்.

அந்தப் படிவத்தின் ஏழாவது ஷரத்து இப்படி இருக்கும்: 'உதவியாளரை நியமிக்கவும் மாற்றவும் நீக்கவும் ஏஜென்சிக்கே முழு உரிமை உண்டு. இது குறித்துத் தொழிலாளி ஆட்சேபம் தெரிவிக்கலாகாது.' எட்டாவது ஷரத்து, வேலை நடக்கும் இடத்தில் கம்பெனி அதிகாரியின் உத்தரவே இறுதியானது என்று சொல்லும். சமையல்காரர்கள் இதைப் படித்ததே இல்லை. காய் நறுக்க யார் வந்தால் அவர்களுக்கு என்ன? இப்படி ஏஜென்சி மூலம் போகிறவர்களுக்கென்று இப்போது இருக்கும் சட்டங்கள் எதுவும் அன்று இல்லை. காகிதத்தில் எழுதியிருப்பதுதான் தொழிலாளிக்கு இருந்த மொத்த உரிமையும். எழுதாதது அவருக்கு இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக்காலம். காவிரி வற்றிக் கிடந்தது. ஆற்றின் நடுவே குடிநீர் எடுப்பதற்காகச் சென்னைக் கம்பெனி ஒன்று பெரிய கிணறு இறக்கிக்கொண்டிருந்தது. ஆற்றுக் கிணற்றை நாம் வீட்டில் வெட்டுவதுபோல வெட்டுவதில்லை. மணல்மேல் கான்கிரீட்டில் வட்டமாகச் சுவரை எழுப்பிவிட்டு, உள்ளே இருக்கும் மணலை அள்ள அள்ள, அந்தச் சுவர் தன் பாரத்திலேயே கீழே இறங்கும். உள்ளே ஊற்றுத் தண்ணீர் நிறைந்து நிற்கும். அப்படிப் பாதி இறங்கிய கிணறு ஒருநாள் நின்றுவிட்டது. ஒரு பக்கமாகச் சாயவும் தொடங்கியது. அடியில் எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் சாய்ந்த கிணற்றை ஆறு உருட்டித் தள்ளிவிடும். தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

முதலாளி தூத்துக்குடியில் தெரிந்தவர் ஒருவர் மூலம் சங்கு குளிக்கிறவர்களை வரவழைத்தார். இரண்டு பேர். தண்ணீருக்குள் இறங்குகிறவர் பெயர் சூசை. மேலே கயிறு பிடிக்கிறவர் மிக்கேல். அவர்களைக் கூட்டி வர நான் ஜங்ஷனுக்குப் போனேன். சூசை முன்பக்கத்துப் பெட்டியிலிருந்து இறங்கினார். மிக்கேல் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினார். சரி, கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஜட்கா வண்டியில் ஏறச் சொன்னால் ஒருவர் முன்னால் ஏறி உட்கார்ந்தார், மற்றவர் பின்னால் நடந்தே வருகிறேன் என்றார்.

"என்னங்க இது, ஒண்ணா வந்தவங்கதானே?" என்றேன்.

"நான் வாறது வேலைக்கு. அவர்கூட இல்ல," என்றார் சூசை.

ஆபீஸில் படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படித்த முதல் ஆள் சூசைதான். விரலை வைத்து நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஏழாவது ஷரத்தில் நின்றுவிட்டார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"ஏங்க?"

"கயிறு பிடிக்கிறவர நீங்க மாத்தலாம்னு போட்டிருக்கு. அது முடியாது. மச்சான் பிடிச்சாத்தான் நான் எறங்குவேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மிக்கேலின் தங்கையைத்தான் சூசை கட்டியிருக்கிறார் என்று. அவர்கள் ஊர்ப் பக்கம் அதுதான் வழக்கமாம். கடலில் மூழ்குகிறவனின் கயிறு மைத்துனன் கையில்தான் இருக்க வேண்டும்.

"அப்பா பிடிக்கக் கூடாதா? அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அண்ணன் தம்பிக்குச் சொத்துல பங்கு இருக்கு சார். மச்சானுக்கு என்ன இருக்கு? தங்கச்சி தாலி இருக்கு."

இதைச் சொல்லும்போது சூசை மிக்கேலின் பக்கம் திரும்பக்கூட இல்லை. மிக்கேல் ஜன்னலுக்கு வெளியே ஜவுளிக்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டது என்பதை நான் மெல்ல மெல்லத்தான் பிடுங்கித் தெரிந்துகொண்டேன். சூசை தன் மூத்த மகள் சடங்குக்கு மிக்கேலை அழைக்கவில்லை. தாய்மாமனை விட்டுவிட்டு ஒரு பெண்ணுக்குச் சடங்கு செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான். ஆனால் அதற்குப் பிறகும் சீசனுக்குச் சீசன் இருவரும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போயிருக்கிறார்கள். அவர் மூழ்கியிருக்கிறார், இவர் கயிறு பிடித்திருக்கிறார். எனக்கு இது பிடிபடவே இல்லை.

கையெழுத்து ஆகாமலேயே வேலை நடக்கும் இடத்துக்குப் போனால் அங்கே வேறு சிக்கல். சைட் இன்ஜினியர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கெட்டிக்காரர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். சூசையும் மிக்கேலும் என் மூலமாகவே பேசிக்கொள்வதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர்கிட்ட சொல்லுங்க, கயித்த நனைச்சு வைக்கணும்னு" என்பார் சூசை. நான் திரும்பி மிக்கேலிடம் சொல்வேன். "நனைச்சாச்சுன்னு சொல்லுங்க" என்பார் மிக்கேல். இருவருக்கும் நடுவே இருந்த தூரம் மூன்று முழம்கூட இருக்காது.

இன்ஜினியர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இவங்களுக்குள்ள பகையா?"

"ஆமா சார்."

"அப்ப கயிறு பிடிக்கிற ஆளை மாத்துங்க. உங்க படிவத்துல அந்த உரிமை உங்களுக்கு இருக்கே. விஞ்ச் சுத்திப் பாரம் இழுக்கற நல்ல ஆட்கள் என்கிட்ட இருக்காங்க."

"சூசை ஒத்துக்க மாட்டாருங்க."

"பாருங்க, வேற ஒரு ஆத்துல இதே மாதிரி கிணத்துக்குள்ள போன ஆள் திரும்பி வரல. நான்தான் அவங்க வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த வாசல்ல நின்னவனுக்குத்தான் அது தெரியும். மனசுல வஞ்சம் வச்சிருக்கறவன் கையில ஒரு உசுரக் குடுத்துட்டு நான் மேல நின்னு பாக்க முடியாது. நீங்க பாப்பீங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? தொழிலாளியின் உயிருக்காகத்தான் பேசினார். இதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு தொழிலாளியின் உரிமையைப் பிடுங்கும்படி உங்களிடம் கேட்கிறவர் எப்போதும் அயோக்கியராக இருக்க மாட்டார். பல நேரம் அந்தத் தொழிலாளியின் நன்மைக்காகவே கேட்பார். அப்போதுதான் மறுப்பது கடினம்.

மிக்கேல் மணல் திட்டில் உட்கார்ந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு எதிரே மலைக்கோட்டை, முதுகுக்குப் பின்னால் ஸ்ரீரங்கத்துத் தென்னந்தோப்புகள். வெயில் சுட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணே, அவர்மேல உங்களுக்குக் கோபம் தீரலையே?"

"தீரல. தீராது."

"அந்தக் கோபத்துல ஒரு நிமிஷம் கை தளர்ந்துட்டா?"

அவர் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்களுக்குத் தங்கச்சி இருக்கா சார்?"

"இருக்கா. தொட்டியத்துல கட்டிக்குடுத்திருக்கு."

"அந்த மாப்பிள்ளைய ஒங்களுக்குப் பிடிக்குமா?"

உண்மையைச் சொன்னால், வாழைத்தார் வியாபாரம் செய்யும் அந்த மனிதரை எனக்குக் கட்டோடு பிடிக்காது. பொங்கலுக்கு வந்தால் என் நாற்காலியில்தான் உட்காருவார். 

"அவர் ஆத்துல முங்கினா என்ன செய்வீய?" என்று கேட்டுவிட்டு, மிக்கேல் மறுபடி கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கத்தில் முதலாளி வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொல்லி, ஏழாவது, எட்டாவது ஷரத்துகளை இவர்களுக்காக மாற்றி எழுத வேண்டும் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏன்யா, அதை எடுத்துட்டா நமக்குன்னு என்ன அதிகாரம் மிச்சம்? நாளைக்குச் சமையல்காரன் வந்து நிப்பான், எனக்கு என் மச்சினன்தான் பாத்திரம் தேய்க்கணும்பான்."

"சமையல்காரர் தண்ணிக்குள்ள போறதில்லையே சுவாமி."

அவர் ஒரு படிவத்தை எடுத்து ஏழாவது ஷரத்தைப் படித்தார். பிறகு, "நீ அந்த மனுஷனைப் பாத்தியோன்னோ? மனசுல என்ன பட்டுது?" என்றார்.

"கயிறு அவர் கையிலதான் இருக்கணும்னு பட்டுது."

"அப்ப நீயே எழுது. கையெழுத்தை நான் போடறேன். மத்ததை எம்பெருமான் பாத்துப்பான்."

தன் கர்வம் முழுவதையும் வைத்திருந்த காகிதத்தை ஒரு குமாஸ்தாவின் பேச்சை நம்பி அடித்துத் திருத்தச் சொன்னாரே, அந்த மனசு எனக்கு இருந்திருக்குமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். காலையில் முதல் வேலையாக டைப்ரைட்டரில் உட்கார்ந்தேன். இப்படித் தட்டினேன்: 'கயிறு பிடிப்பவரை மூழ்குபவரே தேர்ந்தெடுப்பார். மூழ்குபவர் தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்தக் கயிற்றை வேறு எவரும் தொடலாகாது. அதை இழுக்கவோ விடவோ உத்தரவிட எவருக்கும் அதிகாரம் இல்லை. ஏஜென்சிக்கும் இல்லை, கம்பெனிக்கும் இல்லை.' சூசை விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்ஜினியர் இரண்டு முறை படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

"ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்," என்றார் என்னிடம்.

"சொல்றேன் சார்."



முதல் இரண்டு நாள் சூசை இறங்கித் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். எந்தக் காலத்திலோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த பெரிய மரம் ஒன்று மணலுக்குள் புதைந்து கிடந்தது. அதன்மேல்தான் கிணற்றின் அடிவிளிம்பு உட்கார்ந்திருந்தது. மரத்தில் இரும்புக் கம்பி வடத்தை மாட்டிவிட்டால் மேலே இருக்கும் விஞ்ச் இழுத்துக்கொள்ளும். மாட்டுவதற்கு மட்டும் ஆள் கீழே போக வேண்டும். மூக்கில் குழாய், முகத்தில் கண்ணாடி எதுவும் கிடையாது. இடுப்பில் கயிறு, காலில் ஒரு கல், நெஞ்சில் பிடித்த மூச்சு, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை சூசை, கிணற்றின் வாயில் நாங்கள் நிற்பதற்காகக் குறுக்கே போட்டிருந்த பலகையில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். கம்பி வடத்தின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். மிக்கேல் சுவர் விளிம்பில் குதிரைமேல் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். கயிறு அவருடைய கட்டைவிரல் மேலாக ஓடியது. கிணற்றுத் தண்ணீர் பழுப்பாக, அசையாமல் இருந்தது.

திடீரென்று காலுக்குக் கீழே கிணறு உறுமியது. நான் கேட்ட சத்தத்தை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கான்கிரீட் சுவர் ஒரு குலுங்கு குலுங்கிச் சற்று இறங்கி நின்றது. பலகைகள் சரிந்தன. தண்ணீர் கொதிப்பதுபோலச் சேறும் மணலுமாகப் பொங்கி வந்தது.

"இழு! இழு!" என்று எல்லோரும் கத்தினோம். நானும்தான் கத்தினேன்.

மிக்கேல் இழுக்கவில்லை.

கயிறு விறைத்துச் சாய்வாக நின்றது. அவர் அதை இழுக்காதது மட்டுமல்ல, கையைத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் கயிற்றை உள்ளே விட்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"விடறான்யா! கயித்த விடறான்! கொல்லப் பாக்கறான்!" என்று இன்ஜினியர் அலறினார். அந்த மனிதர் அலறி நான் கேட்டது அன்று ஒரு முறைதான். அவரும் விஞ்ச் ஆட்களும் கயிற்றைப் பறிக்க ஓடி வந்தார்கள். அவர்களுக்கும் மிக்கேலுக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன்.

இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"தொடக் கூடாது சார். எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

உயிர் போகிற நேரத்தில் பேசுகிற பேச்சா அது! இன்ஜினியர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நான் விலகியிருக்கலாம். விலகியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத் துணிச்சலோ ஞானமோ வந்துவிடவில்லை. திரும்பி மிக்கேலைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் கண்களை இறுக மூடியிருந்தார். உதடுகள் முணுமுணுத்தன. உடம்பு முழுவதும் அந்த ஒரு கட்டைவிரலுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. வெறுக்கிற ஒரு மனிதனின் மூச்சை அவர் அந்த விரலால் கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் கர்ப்பகிருகத்தின் முன்னால்கூட எனக்கு அப்படி ஒரு சிலிர்ப்பு வந்ததில்லை. அந்தக் கயிற்றைத் தொடும் தகுதி என்னைப் போன்றவனுக்கு இல்லை என்று மட்டும் தெரிந்தது. நான் நகரவில்லை.

கயிறு ஒரு முறை சுண்டியது.

அவ்வளவுதான், மிக்கேல் எழுந்தே விட்டார். கைமேல் கை மாற்றி இழுத்த வேகத்தில் கயிறு அவர் பின்னால் பாம்புபோலக் குவிந்தது. சேற்றுத் தண்ணீரைப் பிளந்துகொண்டு சூசையின் தலை வந்தது. தோளெல்லாம் சிராய்த்து ரத்தம். வாயைத் திறந்து காற்றை இழுத்த சத்தம் கிணற்றுச் சுவரில் மோதி எதிரொலித்தது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அவரைத் தூக்கிப் பலகையில் கிடத்தினோம்.

"கம்பி மாட்டியாச்சுன்னு சொல்லுங்க," என்றார் சூசை, இருமலுக்கு நடுவே.

இன்ஜினியர் மணல் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டு, "ஏன்பா இழுக்கல? எல்லாரும் கத்தினோமே?" என்று மிக்கேலைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"கயிறு நேரா இல்ல சார். மரத்தச் சுத்திப் போயிருந்துது. இழுத்திருந்தா மரத்தோட சேத்து இறுக்கியிருக்கும். அவன் போன வழியிலயே திரும்பி வரணும், அதுக்குக் கயிறு வேணும். வந்துட்டேன்னு அவன்தான் சொல்லணும்."

இன்ஜினியர் எழுந்து வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். அவர் பிடித்து உலுக்கியதில் மேல் பொத்தான் அறுந்து போயிருந்தது. "இந்த ஷரத்து எனக்கு ஒரு நகல் வேணும்," என்றார். நம் தொழிலில் நாம் எப்போதும் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவர்கள். எங்கே குறுக்கே நிற்க வேண்டும் என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், தம்பிகளே. கிணறு உறுமும்போது யோசிக்க நேரம் இருக்காது.

விஞ்ச் ஆட்கள் கம்பி வடத்தை இழுக்கத் தயாரானார்கள். அதுவரை கல்லாக நின்றிருந்த மிக்கேலுக்கு அப்போதுதான் உடம்பு நடுங்கத் தொடங்கியது. பல் கிட்டித்தது.  சுவரைப் பிடித்துக்கொண்டே சூசை படுத்திருந்த பலகைக்கு வந்தார். அவர் ஏதாவது சொல்லச் சொல்வார், அதைச் சூசையிடம் சொல்ல வேண்டும் என்று வழக்கம்போல நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஏ மாப்ள! அறிவு இருக்கால ஒனக்கு? மரத்துக்கு அடியில எதுக்குப் போன? ஒன்ன யாரு போகச் சொன்னா? ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"கம்பி மாட்டணும்லா மச்சான்," என்றார் சூசை.

"பெரிய கம்பி! வாயை மூடு. தோள்ல ரத்தம் வருது, திரும்பு, பாப்போம்."

சூசை திரும்பினார். மிக்கேல் தலைத்துண்டை அவிழ்த்து அந்தத் தோளை ஒற்றிக்கொண்டே திட்டினார். சடங்குக்கு அழைக்காததில் தொடங்கி ஒன்றுவிடாமல் திட்டினார். சூசை மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்த நான் மெல்ல விலகி மணலில் இறங்கி நடந்தேன்.